ஒரே இஞ்சின்: ஓர் அணிக்கு 650 புள்ளி, இன்னோர் அணிக்கு பூஜ்யம்!

திருவிடந்தையில் நித்ய கல்யாணப் பெருமாள் கோயிலுக்கு அருகே எங்கள் தெரு. சனி, ஞாயிறுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீறிப் பாயும் கார்களின் சத்தம் வீட்டுக்குள் வரை கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், பாலிடெக்னிக் மாணவன், சென்ற மாதம் வாடிய முகத்துடன் என்னிடம் வந்தான். அவன் அப்பா சீட்டு எடுத்து அவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தந்திருந்தார். அதே நாளில், அதே கடையில், அதே பிராசசர், அதே ராம் கொண்ட கம்ப்யூட்டரை கேளம்பாக்கத்தில் உள்ள அவனுடைய நண்பனும் வாங்கியிருந்தான். "அண்ணா, அவனோடது பறக்குது. என்னோடது தவழுது. 15 ஆயிரம் செலவு பண்ணி புதுசா கார்டு போடலாமான்னு அப்பாகிட்ட எப்படிக் கேக்கறது?" என்றான்.

எல்லாம் ஒன்றாக இருக்கும்போது ஒன்று மட்டும் ஏன் வேகமாக ஓடுகிறது? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கும் இந்தக் கேள்வி வரும். அவனுக்குக் கார் ரேஸ் பிடிக்கும் என்பதால் நான் பதிலை ஒரு ரேஸ் காரிலிருந்து தொடங்கினேன். அதனை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் நாட்டுக்கு வந்த கார்

2011 அக்டோபர் 30 அன்று, டில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத் சர்வதேச ஓடுதளத்தில் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் பந்தயம் நடந்தது. ஜெர்மனியின் செபாஸ்டியன் வெட்டல் முதல் இடத்திலிருந்து கிளம்பினார். 60 சுற்றுகளிலும் அவரே முன்னணியில் இருந்தார். பந்தயத்தின் மிக வேகமான சுற்றையும் அவரே, அதுவும் கடைசிச் சுற்றில், ஓட்டினார். அவர் ஓட்டிய கார் ரெட் புல் அணியின் ஆர்.பி.7.

அதே பந்தயத்தில் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனும் ஓட்டினார். பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் இவர். 2005-ல் அமெரிக்கப் பந்தயத்தில் 4-வது இடம் பிடித்து 5 புள்ளிகள் பெற்றவர். 2011-ல் இவருக்குக் கிடைத்தது எச்.ஆர்.டி. என்ற சிறிய அணியின் கார். ஆண்டின் நடுவில் அந்த இடமும் கைநழுவிப் போனது. சொந்த நாட்டுப் பந்தயத்துக்கு மட்டும் மீண்டும் அழைக்கப்பட்டு, 17-வதாக முடித்தார்.

அந்த ஆண்டு ஆர்.பி.7 செய்த சாதனையைப் பாருங்கள். மொத்தப் பந்தயங்கள் 19. அவற்றில் 12 வெற்றிகள். வெட்டலுக்கு 11, மார்க் வெப்பருக்கு 1. தகுதிச் சுற்றுகளில் 18 முறை முதல் இடம். அதில் வெட்டல் மட்டும் 15. இது 1992-ல் நைஜல் மான்செல் வைத்திருந்த 14 என்ற சாதனையை முறியடித்தது. இரண்டு கார்கள், 19 பந்தயங்கள் என 38 முறை களமிறங்கியதில் இரண்டே முறைதான் பாதியில் நின்றன. ஒன்று டயர் காற்று போனதால், மற்றொன்று மோதலால். இஞ்சின், கியர் பாக்ஸ் கோளாறால் ஒரு முறை கூட நிற்கவில்லை.

"பெரிய கம்பெனி, நிறைய பணம், நல்ல இஞ்சின். ஜெயிக்காமல் என்ன செய்யும்?" என்று நினைக்கிறீர்களா? பணம் உண்மைதான். ஆனால் இஞ்சின் விஷயத்தில்தான் சுவையான செய்தி இருக்கிறது.

எல்லாருக்கும் ஒரே பெட்டி

பார்முலா ஒன் காரில் இஞ்சினைக் கட்டுப்படுத்துவது ஒரு கம்ப்யூட்டர். எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும், எப்போது தீப்பொறி தர வேண்டும், கியரை எப்படி மாற்ற வேண்டும் என்பதை எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். 2008 முதல், எல்லா அணிகளும் ஒரே வகைக் கம்ப்யூட்டரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்தது. மெக்லாரன் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் நிறுவனமும் நாம் அனைவரும் அறிந்த மைக்ரோசாப்ட் நிறுவனமும் இணைந்து அதனைத் தந்தன. அதாவது வெட்டல் காரில் இருந்த பெட்டியும் நரேன் காரில் இருந்த பெட்டியும் ஒன்றுதான்.

டயர்? அதுவும் எல்லாருக்கும் பிரெல்லி.

இஞ்சின்? ரெட் புல் தானாக இஞ்சின் செய்யவில்லை. ரெனால்ட் நிறுவனத்தின் ஆர்.எஸ்.27 என்ற 2.4 லிட்டர், 8 சிலிண்டர் இஞ்சினை வாங்கிப் பொருத்தியது. அதே இஞ்சினை அந்த ஆண்டு மேலும் இரண்டு அணிகள் பயன்படுத்தின. ஆண்டு முடிவில் மூன்று அணிகளும் பெற்ற புள்ளிகள் இதோ:

ரெட் புல் - 650
ரெனால்ட் - 73
டீம் லோட்டஸ் - 0

இதில் டீம் லோட்டஸ் அணிக்கு கியர் பாக்ஸும் ஹைட்ராலிக் அமைப்பும் ரெட் புல்லிடமிருந்தே வந்தன! நம் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக், 2011 ஜூலையில் ஜெர்மன் பந்தயத்தில் அந்த லோட்டஸ் காரைத்தான் ஓட்டினார். 20-வதாக முடித்தார். இந்தியப் பந்தயத்தில் அவருக்கு வாய்ப்பு தரப்படவில்லை.

லோட்டஸ் 2010-ல்தான் தொடங்கிய புதிய அணி. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைச் சேமித்துத் தரும் 'கெர்ஸ்' அமைப்பும் அதனிடம் இல்லை. அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இருந்தாலும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே டயர், ஒரே இஞ்சின், ஒரே கியர் பாக்ஸ் என்றிருக்க, 650-க்கும் பூஜ்யத்துக்கும் உள்ள இடைவெளி எங்கிருந்து வந்தது?

காற்றுக்கு வழி விட்ட விதம்

ரேஸ் கார் நேர்ச்சாலையில் ஓடுவது பெரிதல்ல. வளைவில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதில்தான் வெற்றி இருக்கிறது. அதற்கு டயர் தரையை இறுகப் பற்ற வேண்டும். விமானத்தின் இறக்கை காற்றைக் கொண்டு மேலே எழும்புகிறது அல்லவா? அதற்கு நேர் எதிராக, ரேஸ் காரைக் காற்றே தரையோடு அழுத்துமாறு வடிவமைக்கிறார்கள். இதற்கு டவுன்போர்ஸ் என்று பெயர். முழு வேகத்தில் இந்த அழுத்தம் காரின் சொந்த எடையையே மிஞ்சிவிடும். 2011-ல் ஓட்டுநரையும் சேர்த்துக் காரின் குறைந்தபட்ச எடை 640 கிலோ.

இந்த அழுத்தத்தின் பெரும்பங்கு காரின் அடியிலிருந்து கிடைக்கிறது. தரைக்கும் காரின் அடித்தளத்துக்கும் உள்ள குறுகிய இடைவெளியில் காற்று வேகமாகப் பாயும். வேகமாகப் பாயும் இடத்தில் காற்றின் அழுத்தம் குறையும். கார் கீழே இழுக்கப்படும். பின்புறத்தில் அடித்தளம் மேல்நோக்கி விரிந்து, அந்தக் காற்றை வெளியே விடும். அந்த விரிந்த பகுதிக்கு டிப்யூசர் என்று பெயர்.

ஆர்.பி.7 காரின் மூக்கு தாழ்ந்தும் பின்புறம் உயர்ந்தும் இருக்கும். பின்புறத்தை உயர்த்தினால் டிப்யூசர் பெரிதாகும், இழுவிசை கூடும். ஆனால் ஒரு சிக்கல். உயர்த்தியதால் இருபுறமும் சந்து விழும். பின் டயர் சுழன்று தள்ளும் காற்று அதன் வழியே உள்ளே புகுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

ஏர் கண்டிஷன் செய்த கடைகளின் வாசலில் மேலிருந்து வேகமாகக் காற்று அடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். கதவு திறந்திருந்தாலும் வெளிச் சூடு உள்ளே வராமல் அந்தக் காற்றே ஒரு திரையாக நிற்கும். ரெட் புல் செய்ததும் இதுதான். இஞ்சின் புகைக் குழாய்களை நீட்டி, தரையை ஒட்டி, பின் டயருக்குப் பக்கத்தில் கொண்டு வந்து விட்டார்கள். சீறி வரும் சூடான புகை, டிப்யூசரின் இரு ஓரங்களிலும் திரைபோல் நின்றது. எல்லாரும் கழிவாக வெளியேற்றும் புகையை, காசு கொடுக்காமல் கிடைத்த உதிரி பாகமாக மாற்றிக்கொண்டார்கள்.

அதே இஞ்சின் கொண்ட ரெனால்ட் அணி வேறு வழியில் போனது. புகைக் குழாயை முன்பக்கம் திருப்பி, காரின் பக்கவாட்டுப் பகுதி தொடங்கும் இடத்தில் வெளியே விட்டது. துணிச்சலான யோசனை. முதல் இரண்டு பந்தயங்களிலும் 3-வது இடம் கிடைத்தது. பிறகு அந்த அணி பின்தங்கியது.

சாப்ட்வேர் செய்த மாயம்

இப்போது நம் துறைக்கு வருவோம். வளைவு வரும்போது ஓட்டுநர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பார். உடனே புகை வருவது குறையும். காற்றுத் திரை விலகும். டவுன்போர்ஸ் தேவைப்படும் அதே நொடியில் அது போய்விடும்!

இதற்குத் தீர்வு தந்தது புரோகிராம். ஓட்டுநர் காலை எடுத்தாலும், கம்ப்யூட்டர் இஞ்சினின் காற்று வழியைத் திறந்தே வைத்திருக்கும். ஆனால் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். அதனால் கார் முன்னே தள்ளப்படாது. புகை மட்டும் தொடர்ந்து சீறும். ஒரே கம்ப்யூட்டர் பெட்டிதான். அதில் ஏற்றிய அட்டவணைகள்தான் வேறு. இந்த அட்டவணைகளை இஞ்சின் மேப் என்று அழைப்பார்கள்.

மற்ற பெரிய அணிகளும் விரைவில் இதைச் செய்தன. சர்ச்சை வெடித்தது. பந்தயங்களை நிர்வகிக்கும் எப்.ஐ.ஏ. அமைப்பு, 2011 ஜூலையில் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் இதற்குக் கடிவாளம் போட்டது. காலை எடுத்தபின் காற்று வழி 10 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்றது. யாருக்கு எவ்வளவு சலுகை என்பதில் இஞ்சின் நிறுவனங்கள் மோதிக்கொண்டன. அந்தப் பந்தயத்தில் பெராரியின் அலோன்சோ வென்றார். அந்த ஆண்டு பெராரிக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான். பிறகு எல்லா அணிகளும் ஒத்துக்கொள்ள, அந்த ஆண்டு முழுவதும் பழைய முறையே தொடர்ந்தது. 2012-ல் புகைக் குழாயின் இடத்தையே விதி மாற்றிவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடிவாளம் போட்ட சில்வர்ஸ்டோனிலும் ரெட் புல் கார்கள் 2-வது, 3-வது இடங்களைப் பிடித்தன. ஒரே ஒரு தந்திரத்தை மட்டும் நம்பிய கார் அல்ல அது. எல்லாப் பகுதிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தி வேலை செய்தன.

வேண்டாததை நிறுத்தும் துணிவு

ஆர்.பி.7 காரில் குறையே இல்லையா? இருந்தது. கெர்ஸ் அமைப்பின் பேட்டரிகள் இடத்தை அடைத்து வடிவத்தைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக, கியர் பாக்ஸை ஒட்டி அவற்றைத் திணித்தார்கள். அங்கே சூடு அதிகம். பேட்டரிகள் அடிக்கடி தகராறு செய்தன.

ஆஸ்திரேலியாவில் நடந்த முதல் பந்தயத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? கெர்ஸ் அமைப்பையே பயன்படுத்தவில்லை. சுற்றுக்கு 6 நொடிகளுக்கு மேல் சுமார் 80 குதிரைத் திறன் கூடுதலாகத் தரும் வசதி அது. மற்ற பெரிய அணிகளிடம் அது இருந்தது. இருந்தும் வெட்டல் 22 நொடி இடைவெளியில் வென்றார். நம்பகமாக வேலை செய்யாத வசதியை, அது சரியாகும் வரை ஒதுக்கி வைத்தார்கள்.

பென்சிலில் வரைந்த கார்

இத்தனை கம்ப்யூட்டர் வேலை நடந்த காரைத் தலைமை ஏற்று வடிவமைத்தவர் அட்ரியன் நியூவி. இவர் கம்ப்யூட்டரில் வரைவதில்லை! பெரிய வரைபலகையில் தாளைப் பொருத்தி, பென்சிலால் வரைவார். இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் உள்ள ரெட் புல் அலுவலகத்தில், அவர் வரைந்ததை உதவியாளர்கள் ஸ்கேன் செய்து கேட் சாப்ட்வேரில் ஏற்றுவார்கள். பிறகு சி.எப்.டி. எனப்படும் காற்றோட்டக் கணக்கீட்டு சாப்ட்வேரில் சோதிப்பார்கள். அதன்பின் சிறிய மாதிரி காரைச் செய்து, பெட்போர்டில் உள்ள காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ராப் மார்ஷல், பீட்டர் ப்ரோட்ரோமோ போன்ற வல்லுநர்களும் ஒரு பெரிய குழுவும் அவருடன் உழைத்தனர். நியூவி பின்னர் 2025-ல் ஆஸ்டன் மார்ட்டின் அணிக்குச் சென்றார்.

இதற்கு நேர் மாறாக நடந்த கதையும் உண்டு. 2010-ல் அறிமுகமான வர்ஜின் அணி, காற்றுச் சுரங்கமே வேண்டாம், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே சோதித்துவிடலாம் என்று காரைச் செய்தது. களத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, சில பந்தயங்களை முடிக்கும் அளவுக்கு பெட்ரோல் டேங்க் பெரிதாக இல்லை என்று! டேங்கை மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. 2010, 2011 இரண்டு ஆண்டுகளும் அந்த அணி கடைசி இடத்தில் முடிந்தது. 2011-ல் நரேன் ஓட்டிய எச்.ஆர்.டி. கூட அதற்கு மேல் இருந்தது.

கம்ப்யூட்டர் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது மனிதனின் வேலை.

திருவிடந்தை கம்ப்யூட்டருக்கு என்ன ஆயிற்று?

கதையைக் கேட்ட பையன், "அப்போ என் கம்ப்யூட்டர்லயும் காத்துதான் பிரச்சினையா?" என்று சிரித்தான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அதுதான் உண்மை!

கம்ப்யூட்டர் மேஜையின் மூடிய அறைக்குள் கேபினட் இருந்தது. பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. தூசி படக்கூடாது என்று முன்பக்கம் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். கடற்கரை ஊர் என்பதால் மணலும் உப்பீரமும் சேர்ந்து மின்விசிறியில் படிந்திருந்தன. கேபினட் முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுத்து, பின்பக்கம் சூட்டைத் தள்ள வேண்டும். இரண்டு வழியும் அடைபட்டால் பிராசசர் சூடாகும். சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இது கோளாறு அல்ல. அப்படித்தான் அதனைச் செய்திருக்கிறார்கள்.

அடுத்து, விண்டோஸ் தொடங்கும்போதே தானாக இயங்கும் புரோகிராம்கள் 14 இருந்தன. அவன் பயன்படுத்துவது மூன்றைத்தான்.

கேபினட்டை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். உறையை நீக்கித் தூசியைத் துடைத்தோம். தேவையில்லாத 11 புரோகிராம்களை நிறுத்தினோம். செலவு, ஒரு பெயிண்ட் பிரஷ் வாங்கிய காசு மட்டும். இப்போது இரண்டு நண்பர்களின் கம்ப்யூட்டரும் ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. அப்பாவிடம் 15 ஆயிரம் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

1. கேபினட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் காற்று போக இடம் இருக்கிறதா என்று பார்க்கவும். கம்ப்யூட்டரை நிறுத்தி, மின் இணைப்பைத் துண்டித்த பிறகே தூசியைத் துடைக்கவும். லேப்டாப் என்றால் மெத்தை, தலையணை மீது வைத்து இயக்க வேண்டாம். அடியில் உள்ள காற்று வழி அடைபடும்.

2. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தவும். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட் அப் பகுதிக்குச் சென்று, தேவையில்லாத புரோகிராமில் ரைட் கிளிக் செய்து, டிசேபிள் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். ஆன்டி வைரஸ் புரோகிராமையும், பெயர் தெரியாதவற்றையும் விசாரிக்காமல் தொட வேண்டாம்.

3. எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறக்கவும். ஒரு செல்லில் =5.125/84.178*3600 என டைப் செய்து என்டர் தட்டவும். 219.18 என விடை வரும். புத் ஓடுதளத்தின் நீளம் 5.125 கிலோமீட்டர். தகுதிச் சுற்றில் வெட்டல் எடுத்த நேரம் 84.178 நொடி. ஆக அவருடைய சராசரி வேகம் மணிக்கு 219 கிலோமீட்டர். இப்போது 84.178 உள்ள இடத்தில் 87.249 எனக் கொடுக்கவும். பந்தயத்தின் மிக வேகமான சுற்று அது. விடை 211.46. அதே கார், அதே ஓட்டுநர். தேய்ந்த டயருடன் மணிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் வேகம் குறைந்திருக்கிறது.

4. ஓட்டிப் பார்க்க ஆசையா? டார்க்ஸ் என்ற இலவச ரேஸ் புரோகிராமை டவுண்லோட் செய்து பார்க்கலாம். புரோகிராம் எழுதக் கற்பவர்கள், தானே காரை ஓட்டும் ரோபோ ஓட்டுநரையும் அதற்காக எழுதலாம்.

புதிய கார்டு, புதிய ராம் என்று கடைக்குக் கிளம்புவதற்கு முன், வீட்டில் இருப்பதை முழுமையாகப் பயன்படுத்துகிறோமா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதன் பிறகும் வேகம் போதவில்லை என்றால் தாராளமாக வாங்கலாம்.